நூற்பற்றும் இல்லறமும்

புரட்டாசி மாதத்தில் நவராத்திரி பிறப்பதற்குச் சில தினங்கள் முன்னதாக, பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டில் ஆண்டு முழுதும் வீற்றிருக்கும் சரஸ்வதி தேவி யானைமீது எழுந்தருளி, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கித் திருவனந்தபுரத்தை அடைவது, எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வைபவம். கம்பர் பூஜித்த விக்கிரகம் அது என்பது ஐதிகம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் மன்னர்கள் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டபோது, அரசும் அலுவலும் பெயர்ந்துபோயினவேயன்றிக் கல்வித் தெய்வத்தின் இருப்பிடம் கல்குளம் தாலுகாவிலேயே நின்றுவிட்டது. ஆகையால் அவள் ஒன்பது இரவுகளுக்கு மட்டும் விருந்தாகச் சென்று, கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாள் இயற்றிய கீர்த்தனங்களைக் கேட்டருளிப் பின்னர்த் தன் இடம் மீள்கிறாள். அந்த நாட்களில் அஷ்டமி மாலையன்று இங்குள்ள வீடுகளில் பூஜை வைப்பு நடைபெறும். பிள்ளைகளின் பாடநூல்களும் பெரியவர்களின் கணக்கேடுகளும் பாராயண நூல்களும் பட்டின்மேல் அடுக்கப்பட்டுச் சந்தனமும் பூவும் சாத்தப்பெற்றால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை ஓரெழுத்தும் வாசிக்கலாகாது, எழுதலாகாது என்பது நியமம்.

பத்மநாபபுரத்தை ஒட்டிய தக்கலையில் பீர் முகம்மது அப்பா அவர்களின் தர்காவும் இருக்கிறது. தென்காசியில் பிறந்து, நெசவைத் தொழிலாகக் கொண்டு, இவ்வூரில் வந்து அமர்ந்து, ஞானமணிமாலை, ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி முதலான மெய்ஞ்ஞான நூல்களைத் தமிழில் அருளிய அம்மகானின் ஆண்டு விழா ரஜப் மாதத்தில் வரும்போது, அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஊரார் கூடியிருந்து இரவு முழுவதும் பாடுகிறார்கள். ஒரு திருநாளில் நூலை மூடிவைத்தல் வழிபாடு. மற்றொரு திருநாளில் விடியும்வரை அதை மூடாதிருத்தல் வழிபாடு. நடந்து செல்லும் தொலைவுக்குள் இவ்விரண்டும் நிகழும் ஓர் ஊரில் வாழ்பவன், தன் ஆயுளின் பெரும்பகுதியை நூல்களோடு கழித்தவனாகவும் இருந்துவிட்டால், ஒரு வினாவை அவன் தவிர்க்க இயலாது. நூலின்மீது நாம் கொள்ளும் காதல் பக்தியின் பாற்பட்டதா, பற்றின் பாற்பட்டதா? பக்தியாயின் அது நம்மை விடுவிக்க வேண்டும். பற்றாயின் பொன்னையும் பூமியையும் போல அதுவும் நம்மைக் கட்டவே செய்யும்.

இவ்வினா எனக்குச் சாஸ்திர விசாரத்தினால் எழவில்லை. நெடுங்காலமாக எழுதிவரும் நாட்குறிப்பினால் எழுந்தது. சென்னையில் 1977ஆம் ஆண்டு தொடங்கிப் பொங்கலையொட்டி நடந்துவரும் புத்தகக் காட்சிக்கு எந்தெந்த நூல்கள் வரவிருக்கின்றன, நாகர்கோவிலிலிருந்து எந்தப் பழைய நாவல் செம்பதிப்பாக வெளிவருகிறது, காகித விலை ஏறியதால் எந்தத் தொகைநூல் தள்ளிப்போயிற்று என்ற குறிப்புகளுக்கு அடுத்த வரியிலேயே, மரச்சீனிக் கிழங்கின் விலை, அம்மாவுக்கு மருந்து வாங்கிய செலவு, மகளின் பரீட்சை நாள், இடவப்பாதி மழையில் ஓடு ஒழுகிய இடம் ஆகியவை அதில் கலந்து கிடக்கின்றன. தோப்பில் முகம்மது மீரான் 2019 மே மாதத்தில் காலமான செய்தியை எழுதிய பக்கத்தில், அன்று வீட்டில் மாங்காய் உப்பிலிட்ட குறிப்பும் இருக்கிறது. மலையாளவழிக் கல்வி பயின்றும் தமிழ் உரைநடைக்குத் தென்கோடிக் கடற்கரையின் குரலைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். தக்கலையின் நெசவாளர் தெருவையே 'அஞ்சுவண்ணம் தெரு' என்னும் நாவலாக்கித் தந்தவர். அத்தகையவரின் மறைவையும் ஊறுகாய்ப் பரணியையும் ஒரே பக்கத்தில் கண்ட நண்பர் ஒருவர், இலக்கியக் குறிப்புகளுக்கென்று தனி ஏடு வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். கலைமகளின் விவகாரம் வேறு, கலத்தரிசியின் விவகாரம் வேறு என்பது அவர் கருத்து. அந்தப் பிரிவினைக்கு என் மனம் இசையவில்லை. இசையாமைக்கு என்ன நியாயம் என்று ஆராயப் புகுந்தபோதுதான், நூற்பற்று என்பதைப் பற்றி முன்னோர் கூறியவற்றை ஒழுங்காக நினைத்துப் பார்க்க நேர்ந்தது.

அவர்கள் கூறியவை நூல்நேசனுக்கு எளிதில் ஆறுதல் தருவன அல்ல. முண்டகோபநிஷதம் நான்கு வேதங்களையும் அவற்றின் ஆறு அங்கங்களையும் அபரவித்தை என்று கீழே வைத்துவிட்டு, அழிவற்ற பொருளை எதனால் அடைகிறோமோ அது ஒன்றையே பரவித்தை என்கிறது. வேதமே வேதத்தைக் கீழே வைக்கும் இந்தத் துணிவு உலக சமய நூல்களில் அரிதாகக் காணக்கூடியது. சாந்தோக்கியத்தில் நாரதர் சனத்குமாரரிடம் மாணாக்கராகச் செல்கிறார். உனக்கு முன்னரே தெரிந்தவற்றைச் சொல் என்று குரு கேட்க, வேதங்கள், இதிகாச புராணங்கள், கணிதம், தர்க்கம், நட்சத்திர சாஸ்திரம், சர்ப்ப வித்தை என்று நாரதர் அடுக்கிக்கொண்டே போய், இவ்வளவு கற்றும் தாம் மந்திரங்களை அறிந்தவரேயன்றி ஆத்மாவை அறிந்தவரல்லர் என்றும், துயரத்தில் ஆழ்ந்திருப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார். ஒரு பெரிய நூலகத்தின் பட்டியலைப் போன்ற அந்த வரிசையின் முடிவில் துயரம் என்ற சொல் வந்து நிற்பதை எப்போது வாசித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இஸ்லாமியப் பேரறிஞர் கஸ்ஸாலியைப் பற்றியும் ஒரு வரலாறு வழங்குகிறது. இளமையில் ஜுர்ஜான் நகரத்தில் பயின்று, பாடங்களை எல்லாம் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டு, சொந்த ஊராகிய தூஸுக்கு அவர் திரும்பும் வழியில் கள்வர்கள் அவருடைய பயணக் கூட்டத்தையே கொள்ளையிட்டார்கள். மற்றப் பொருள்கள் போகட்டும், உங்களுக்கு உதவாத அந்தக் குறிப்பேடுகளை மட்டும் கொடுத்துவிடுங்கள், என் கல்வி முழுவதும் அவற்றில் இருக்கிறது என்று அவர் பின்தொடர்ந்து மன்றாட, கள்வர் தலைவன் நகைத்து, நாங்கள் பறித்துக்கொண்டால் உன்னிடம் இல்லாமற் போய்விடும் ஒன்றை உன் கல்வி என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறாய் என்று கேட்டானாம். ஏடுகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் அந்தக் கேள்வியை இறைவனே தமக்கு விடுத்ததாகக் கொண்டு, மூன்று ஆண்டுகள் ஊரில் தங்கி அவற்றை எல்லாம் மனத்தில் பதித்துக்கொண்டார் என்பர். பஞ்சாங்கத்தில் இத்தனை மழை என்று எழுதியிருந்தாலும் பஞ்சாங்கத்தைப் பிழிந்தால் ஒரு சொட்டும் வீழாது என்று ஸ்ரீராமகிருஷ்ணர் உபதேசித்ததும் இதே கருத்தைத்தான்.

இவற்றைக் கேட்டு நூல்களை எல்லாம் துறந்துவிடவேண்டும் என்று முடிவு செய்பவன், சாந்தோக்கியக் கதையைப் பாதியில் நிறுத்தியவன் ஆகிறான். சனத்குமாரர் நாரதரை நோக்கி, நீ கற்றவை எல்லாம் வெறும் நாமமே என்று கூறியது உண்மை. ஆனால் உடனே, அந்த நாமத்தையே பிரம்மமாக உபாசி என்றும் கூறுகிறார். நாமத்தைவிட மேலானது உண்டா என்று சீடர் கேட்கக் கேட்க, வாக்கு, மனம், சங்கற்பம் என்று படிப்படியாக உயர்த்திக்கொண்டுபோய், முடிவில் எல்லையற்ற பூமா என்னும் பெருநிலையைக் காட்டுகிறார். ஏறிவிட்ட பின்னரும் கீழ்ப்படி பொய்யாகிவிடவில்லை. அதிலேயே அமர்ந்துவிடுவதுதான் குற்றம். கஸ்ஸாலியும் கள்வன் சொன்னதைக் கேட்டு ஏடுகளை எறிந்துவிடவில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று முன்னிலும் சிரத்தையோடு படித்தார். பின்னாளில் தாமே பல பெருநூல்களை எழுதினார். ஆகவே ஞானியரின் கண்டனம் நூலின்மீது அன்று, நூல் நம் கையில் தேங்கிப்போவதன்மீது என்று நான் கொள்கிறேன்.

தேங்குதல் எத்தகைய நாசத்தை விளைவிக்கும் என்பதற்குத் தமிழர்களாகிய நம் சரித்திரத்திலேயே வேண்டிய சான்றுகள் உண்டு. அவற்றுள் மிகக் கொடியவை பக்தியினால் விளைந்தவை. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடித் தென்பாண்டி நாட்டில் அலைந்தபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய பாண்டிய மன்னரின் ஏட்டுச் சுவடிகள் இருந்ததாகக் கேள்வியுற்றுச் சென்று விசாரிக்க, பழுதுபட்ட ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் தெரிவித்தார்கள். சொன்னவர்களிடத்தில் துவேஷம் இல்லை. புனிதமான பொருளைப் புனிதமான முறையில் அக்கினிக்கு அளித்துவிட்டோம் என்ற திருப்தியே அவர்களுக்கு இருந்தது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களும் இவ்வாறே பக்தி சிரத்தையோடுதான் விட்டார்கள். தில்லையில் மூவர் கைச்சாத்தோடு பூட்டப்பட்டிருந்த அறையை இராஜராஜ சோழரும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது, தேவார ஏடுகள் புற்றினால் மூடப்பட்டுக் கிடந்தன என்றும், இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் எஞ்சவைத்தோம் என்று அசரீரி எழுந்தது என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறும். அந்த அசரீரியை நான் சிரமேற்கொண்டு வணங்குகிறேன். ஆயினும், வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள இந்த ஊரில், வேப்பிலையும் வசம்பும் இட்டு வைத்த அலமாரியைத் திறந்தபோது கரையான் ஏறியிருக்கக் கண்டவன் எவனும், கரையானைக் கடவுளின் கருவி என்று எளிதில் ஒப்பமாட்டான். பூட்டிய கதவுதான் புற்றுக்கு இடம் கொடுத்தது. அந்தப் பதிகங்கள் ஊர்தோறும் ஓதுவார்களின் நாவில் இருந்திருந்தால், எந்தப் புற்றும் அவற்றைத் தீண்டியிராது.

இந்த இடத்தில் சாமிநாதையரின் வாழ்வை நினைக்காமல் அப்பால் செல்ல முடியவில்லை. திருவாவடுதுறைச் சைவ மடத்தின் நிழலில் வளர்ந்து, விபூதி ருத்திராட்சம் தரித்து, நித்திய அனுஷ்டானங்களை விடாது நடத்திய ஒரு கிருகஸ்தர், சமண காவியமாகிய சீவக சிந்தாமணியைப் பொருளுணர்ந்து பதிப்பிக்கும் பொருட்டுக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று, அவர்களிடம் மாணாக்கரைப்போல் வினவித் தெரிந்துகொண்டு, 1887இல் அந்நூலை வெளியிட்டார். 1898இல் பௌத்த காவியமாகிய மணிமேகலையையும் கொண்டுவந்தார். தம் சமயத்தின் பகைச் சமயங்கள் என்று நூற்றாண்டுகளாக எண்ணப்பட்டுவந்தவற்றின் நூல்களுக்காகக் கண்ணொளியையும் கைப்பொருளையும் செலவிட்ட அச்செயலை எந்தச் சமயத்தின் கணக்கில் சேர்ப்பது? என் கருத்தில் அது அவருடைய சிவபூஜையின் ஒரு பகுதியே ஆகும். தனக்கு உரியதல்லாத நூலை, அதற்கு உரியவனுக்கு உரிய வடிவில் சேர்ப்பித்தல் என்பது பலன் கருதாக் கர்மம். பிழை திருத்துவோரின் உழைப்பையும் அவ்வாறே நான் மதிக்கிறேன். திருப்பதிசாரத்தைச் சேர்ந்த எம்.எஸ். என்னும் சிவசுப்பிரமணியம், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், காலச்சுவடு முதலிய பதிப்புகளுக்காகப் பிறர் எழுதிய பக்கங்களை எழுத்தெழுத்தாகச் செப்பனிட்டுக்கொண்டு 2017இல் மறையும்வரை எங்கள் மாவட்டத்தில் வாழ்ந்தார். புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இராது. வாசகன் இடறாமல் செல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அவருடைய கைங்கரியம் இருக்கும்.

அச்சு வந்த வழியும் சமயத்தின் வழியே. எந்த நெடுஞ்சாலையில் சரஸ்வதி தேவி ஆண்டுதோறும் செல்கிறாளோ அதே திசையில், திருவனந்தபுரத்துக்கும் அப்பால் உள்ள கொல்லத்தில், 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், அண்டிரிக்கி அடிகளார் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் இம்மண்ணில் முதன்முதலாக அச்சேறியது அதுவே. 1820ஆம் ஆண்டையொட்டி லண்டன் மிஷனைச் சார்ந்த சார்ல்ஸ் மீட் நாகர்கோவிலில் அச்சகம் நிறுவியபோது, எழுத்தை அணுகவே உரிமை மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் குடிசைகளுக்குள் வேதாகமப் பகுதிகளும் துண்டுப் பிரசுரங்களும் பாடநூல்களும் நுழைந்தன. விளக்கு வைத்த பின்னர் வீட்டார் எல்லாரும் பாயில் அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் குடும்ப ஜெபம் இன்றும் எங்கள் தெருக்களில் ஒலிக்கிறது. சாமித்தோப்பிலோ அய்யா வைகுண்டரின் அடியார்கள் அகிலத்திரட்டு அம்மானையைப் பதினேழு நாள் திருஏடு வாசிப்பாக நடத்துகிறார்கள். அந்த நூல் அச்சில் வந்தது 1939இல்தான். அதற்கு முன்னரும் அது ஏட்டிலும் காதிலுமாக வாழ்ந்தே வந்தது. வைகுண்டரைச் சிறையிலிட்டது சுவாதித் திருநாளின் அரசாங்கம் என்பதையும், அந்த மன்னருடைய கீர்த்தனங்களைக் கேட்கவே எங்கள் சரஸ்வதி யாத்திரை செல்கிறாள் என்பதையும் சேர்த்து நினைத்துப்பார்க்கையில், கலையைப் போற்றிய கரமே மற்றொரு கரத்தால் எளியவரின் வாயை மூட முயன்றது என்ற வருத்தம் மேலிடுகிறது. மூட முடியவில்லை என்பதற்குப் பதினேழு நாள் வாசிப்பே சாட்சி.

தர்கா, தேவாலயம், வைகுண்டர் அடியாரின் நிழல்தாங்கல் ஆகிய மூன்றிலும் நான் காண்பது ஒன்றே: நூலுக்குப் புனிதம் வாசிப்பவனின் கண்ணோடு நின்றுவிடுவதில்லை, அடுத்தவனின் செவியை அது அடையும்போது நிறைவடைகிறது. தர்ம சாஸ்திரங்களும் இதைத் தம் முறையில் அறிந்தே இருந்தன. மனிதன் பிறக்கும்போதே ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பிதிர்க்களுக்கும் கடன்பட்டவனாகப் பிறக்கிறான். ரிஷிகளின் கடன் கல்வியால் தீர்கிறது. கிருகஸ்தன் நாள்தோறும் ஆற்றவேண்டிய ஐந்து யக்ஞங்களுள் முதலாவதாகிய பிரம்மயக்ஞம் இன்னதென்று சொல்ல வரும்போது, மனுஸ்மிருதி ஓதுவித்தலைக் குறிப்பிடுகிறது. பிதிர் தர்ப்பணத்தோடும், தெய்வத்துக்கு அளிக்கும் ஆகுதியோடும், உயிர்களுக்கு இடும் பலியோடும், விருந்தோம்பலோடும் ஒரே வரிசையில், அடுப்பும் உரலும் உள்ள அதே வீட்டில், நூல் தன் இடத்தைப் பெறுகிறது. அந்த ஸ்மிருதி இந்தக் கடமையைச் சிலருக்கே உரியதாக்கிப் பெண்களையும் பெரும்பான்மையினரையும் வெளியே நிறுத்தியது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்த விலக்கை நீக்கிய பின்னர்த்தான் அக்கருத்து அதன் முழு மேன்மையை அடைகிறது. திருவள்ளுவர் கல்வியை இல்லறவியலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார். ஆனால் கல்லாமையை அடுத்துக் கேள்வி என்று ஓரதிகாரம் அமைத்து, வாசிக்க இயலாதவனுக்கும் வாயிலைத் திறந்துவிட்டார்.

எனக்கு இதை உணர்த்தியது சாஸ்திரம் அன்று. கண்பார்வை மங்கிப்போன அம்மா, மாலை வேளைகளில் நான் சாய்வு நாற்காலியில் புத்தகமும் கையுமாக மௌனமாக அமர்ந்திருப்பதைப் பார்த்து, "மக்களே, மனசுக்குள்ள வாசிச்சா எனக்கு எப்பிடிக் கேக்கும்?" என்று ஒரு நாள் கேட்டாள். அன்றிலிருந்து ஏதேனும் ஒரு நூலில் சில பக்கங்களை உரக்க வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தை வாசித்தபோது, அவள் தன் பாட்டியின் காலத்துத் தாவழி வழக்குகளையும் குடும்பப் பிரிவினைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். எந்தப் பதிப்பின் அடிக்குறிப்பிலும் இல்லாத செய்திகள் அவை. அவற்றை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். மாங்காய்க் குறிப்பும் மரணக் குறிப்பும் அருகருகே இருக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு இதைத்தான் விடையாகச் சொன்னேன். நூலின் உரை வீட்டிலிருந்து வருகிறது, வீட்டின் நினைவு நூலால் விழிக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஏடு போட்டால் இரண்டும் இளைத்துவிடும்.

இவ்வாறு சொல்லிவிட்டதனால் நூற்பற்றின் குற்றங்கள் எல்லாம் நீங்கிவிட்டன என்று நான் கருதவில்லை. வீட்டில் உள்ளவர்களின் இடத்தையும் பணத்தையும் காலத்தையும் விழுங்கி வளரும் நூலகம், எவ்வளவு அரியதாயினும் அதர்மத்தின் சாயலைக் கொண்டதே. மளிகைக் கணக்கை நேர்செய்ய முடியாமல் மனைவி இரவில் விழித்திருக்க, அயலூரிலிருந்து புதுப்புத்தகக் கட்டு வந்து இறங்குமானால், அதில் உள்ளது உபநிஷதமே ஆயினும் அது சுயநலத்தின் மூட்டைதான். புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகத்தை உருவாக்கிய கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இருவரும் ஆசிரியப் பணி செய்து ஈட்டியதை இருவரும் இசைந்து நூல்களில் இட்டு, வீட்டையே ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவைத்தார்கள். அங்கே நூற்பற்றே இல்லறமாயிற்று. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி ஜவுளிக்கடையையும் நடத்திக்கொண்டு, 'ஒரு புளியமரத்தின் கதை'யையும் எழுதி, 1988இல் காலச்சுவடு இதழையும் தொடங்கி, தம் இல்லத்தை எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடிப் பேசும் இடமாக்கியிருந்தார். வருவோர்க்கெல்லாம் காப்பி கொடுத்து உபசரித்த அந்த வீட்டுப் பெண்களின் பங்கை இலக்கிய சரித்திரம் இன்னும் சரியாக எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

பதிப்புச் செய்திகளை நாள்தோறும் கவனிப்பவனுக்கு நிலையாமை தனியே போதிக்கப்பட வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஆயிரம் பிரதி அச்சிடுவது பதிப்பாளரின் வழக்கமாக இருந்தது. இன்று கேட்பவர் தொகைக்கேற்பச் சில நூறோ அதனினும் குறைவோ அச்சிடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் பதிப்பகங்களின் கிடங்குகளில் அடுக்கியிருந்த நூல்களைக் கூழாக்கிற்று. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் வைத்த தீ, ஏறக்குறைய 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் சாம்பலாக்கியது. கரிவலத்தில் நெய்யிட்டு எரித்தவர்களுக்கும் யாழ்ப்பாணத்தில் பகைகொண்டு எரித்தவர்களுக்கும் இடையே மனத்தளவில் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு. இழந்தவனுக்கு மட்டும் இரண்டும் ஒன்று. பொருள் அநித்தியம் என்று ஞானி சொல்லும்போது அமைதியாகக் கேட்டுக்கொள்ளும் என் மனம், யாழ்ப்பாணத்தை நினைக்கும்போது அமைதி அடைவதில்லை. அமைதி அடையவும் கூடாது. துறவிக்கு அழகாகிய உதாசீனம், பிறர் பொருட்டுக் காத்து நிற்பவனுக்குப் பாவமாகிவிடும்.

காத்து நிற்பவன் என்ற நிலையைத்தான் நூல்நேசனுக்கு உரிய சமய நிலையாக நான் எண்ணுகிறேன். கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ அப்படி அவன் தன் அலமாரிக்கு இருக்கவேண்டும். பயன்படுத்தலாம், பெருக்கலாம், பழுதுபார்க்கலாம், தனதென்று சொல்லலாகாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் ஓவியர், பெயர்ப்பலகைகள் எழுதிப் பிழைத்த தம் வருவாயைக் கொண்டு பழைய நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூட வாழ்நாளெல்லாம் திரட்டினார். 1992இல் அவர் காலமான பின்னர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு சிதறாமல் சென்னைக்கு வந்து, இன்று எவரும் சென்று பார்க்கக்கூடிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் உயிரோடிருந்த காலத்தில் அத்தனை காகிதமும் பற்றுப்போலத் தோன்றியிருக்கலாம். அது தர்மமாக இருந்தது என்பதைப் பின்வந்தவர்களின் பயன் காட்டிவிட்டது. இந்த வகையில், பூஜை வைப்பின் விலக்கையும் நான் புதிதாகப் புரிந்துகொள்கிறேன். அஷ்டமி மாலையில் நூல்கள் என் கையை விட்டுத் தேவியின் பீடத்துக்குப் போகின்றன. அந்த ஒன்றரை நாளில் அவற்றின் உடைமையாளன் நான் அல்லேன். தசமி காலையில் எடுக்கும்போது, அவளிடமிருந்து மறுபடியும் ஓராண்டுக்கு ஒப்படைக்கப்பட்டவனாகவே எடுக்கிறேன். அன்று காலையிலேயே பச்சைக் குழந்தைகளைத் தாம்பாளத்து அரிசியில் எழுத வைத்து வித்தியாரம்பம் செய்விப்பது, எடுத்ததை உடனே கொடுத்துவிடு என்பதற்காகவே போலும்.

எங்கள் வீட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கும் விவாதமும் இந்தத் தர்மகர்த்தா நிலையைப் பற்றியதே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகையின் முதற்பதிப்புப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. தாள் பழுப்பேறி, தையல் தளர்ந்துவிட்டது. இனிமேல் இந்த ஈரக்காற்றில் அது நெடுநாள் தாங்காது. மகள் அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து வைத்திருக்கிறாள். ஆகையால் செய்யுளும் உரையும் அழியும் என்ற அச்சம் இல்லை. மூலப் பிரதியை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு அனுப்பினால் குளிர்ந்த அறையில் நூறாண்டு இருக்கும் என்பது என் கட்சி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஐயர் பதிப்பென்றால் இப்படித்தான் இருக்கும் என்று தொட்டுப் பார்ப்பதற்கு இங்கேயே உள்ளூர் நூலகத்தில் இருக்கட்டும், பத்தாண்டு இருந்தாலும் போதும் என்பது மனைவியின் கட்சி. அவள் பக்கத்திலும் வேதம் இருக்கிறது. இந்த ஐப்பசி மழைக்குள் முடிவு செய்தாக வேண்டும். அதுவரை அந்தப் பிரதி, அம்மாவின் கட்டிலுக்கு அருகில், அவள் கேட்கும்போது எடுத்து வாசிக்க வசதியாக உள்ள தட்டில் இருக்கிறது.